பழைய வால்ஸை அழிச்சுப்போடாதீங்க தம்பி

வெள்ளவத்தையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயசு 29, பகல்ல எக்கவுண்ட்ஸ் வேலை, சின்ன வயசில மூண்டு வருசம் சங்கீதம், பிறகு பியானோ அஞ்சாம் கிரேட் வரைக்கும். 16 வயசில இருந்து சொந்தமா பீஸ் எழுதுறாராம், லெப்டொப்பில இப்ப 43 கிடக்காம். "அண்ணா, நான் வளர்ந்திருக்கிறனா இல்லாட்டி ஒரே இடத்தில சுத்துறனா? ஸ்கூல் காலத்தில எழுதினதைப் பார்க்க வெக்கமாக் கிடக்கு, எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்ல இருந்து தொடங்கவா?" எண்டு கேட்டு ரெண்டு ஸ்கோரும் அனுப்பியிருந்தார். ஒண்டு 16 வயசில பியானோ ரீச்சரிட கொன்சேர்ட்டுக்கு எழுதின 32 பார் (தாளக் கட்டம்) வால்ஸ், மூண்டு அடியில வாற நடன மெட்டு. மற்றது போன வருசம் எழுதின ஸ்ட்ரிங் குவார்ட்டெட், ரெண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ, ஏழு நிமிசம்.

தம்பி, ரெண்டையும் பிரிண்ட் எடுத்து ரெண்டு நாள் மேசையில வச்சிருந்தனான். மறைக்காமச் சொல்லுறன், எனக்கு வால்ஸ்தான் பிடிச்சுது. குவார்ட்டெட்ல உங்களுக்குத் தெரிஞ்ச விசயம் கூட, அதில சந்தேகமில்லை, மொடுலேஷன் (நடுவில கீ மாறுறது) எல்லாம் வடிவாப் பண்ணியிருக்கிறீங்க, 16 வயசில உங்களுக்கு அது தெரிஞ்சிருக்காது. ஆனா வால்ஸ் ஒரு பீஸ். குவார்ட்டெட் இன்னும் ஒரு ஃபைல்தான்.

ஏன் அப்பிடிச் சொல்லுறன் எண்டா, வால்ஸை நீங்க ஒரு ஆளுக்கு எழுதினனீங்க, அந்த ஆள் நீங்கதான், மேடையில உங்கட கையாலயே வாசிக்கவேணும், உங்கட லெஃப்ட் ஹாண்டுக்கு அப்ப எவ்வளவு ஏலுமோ அவ்வளவுதான் எழுதலாம். அதால ஒவ்வொரு பாரும் யோசிச்சு வந்திருக்கு. குவார்ட்டெட்டை வாசிக்க நாலு பேர் எண்டைக்காவது இருந்தவையா? இல்லை. ஸ்பேஸ் பார் தட்டினா மியூஸ்ஸ்கோர் எண்ட அந்த ஸ்கோர் எழுதுற சொஃப்ட்வெயார் வாசிக்கும், அதுக்குக் கை நோகாது, மூச்சு முட்டாது, "இது ஏலாது சேர்" எண்டு சொல்லாது.

முதல்ல வால்ஸைப் பார்ப்பம். ஏ மைனர், நாலும் நாலும் எட்டு பார், லெஃப்ட் ஹாண்ட்ல வழமையான ஊம்-பா-பா, அதில புதினம் ஒண்டுமில்லை. விசயம் ஏழாம் பார்ல இருக்கு. எட்டாம் பார்ல ஏ மைனர்ல வந்து இறங்கிறதுக்கு முந்தி அங்க ஈ மைனர் கோட் (ஒண்டா ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம்) போட்டு மெலடியில ஜி நேச்சுரல் வச்சிருக்கிறீங்க. பக்கத்தில சிவப்புப் பேனையால "பிழை, ஜி ஷார்ப் வரவேணும்" எண்டு இப்ப எழுதித் திருத்தியும் இருக்கிறீங்க. ஹார்மனிப் புத்தகத்தைப் பார்த்தா நீங்க திருத்தினது சரிதான், மைனர் கீயில கேடன்ஸ் (வசனம் முடியிற இடம்) முடிக்கேக்க ஏழாவது ஸ்வரத்தை அரைப் படி ஏத்தவேணும் எண்டுதான் எல்லாரும் படிப்பிக்கிறது. ஆனா 16 வயசுப் பெடியனுக்கு ஏன் அந்த நேச்சுரல் கேட்டது எண்டு ஒருக்கா யோசிச்சீங்களா? நீங்க அதுக்கு முந்தி சங்கீதம் படிச்சனீங்க. நடபைரவி ராகத்துக்கும் கீரவாணி ராகத்துக்கும் இடையில ஒரே ஒரு ஸ்வரம்தான் வித்தியாசம், நிஷாதம், அதாவது அந்த ஏழாவது ஸ்வரம். 20ம் மேளம் (தாய் ராகம்) நடபைரவி, அதில கைசிகி நிஷாதம், ஏத்தாதது. அடுத்த 21ம் மேளம் கீரவாணி, காகலி நிஷாதம், அரைப் படி ஏத்தினது. மேற்கத்தையப் புத்தகம் உங்களைக் கீரவாணிக்குப் போகச் சொல்லுது, உங்கட காது நடபைரவியில நிண்டிருக்கு. அது பிழை இல்லை தம்பி, அந்த 32 பார்லயும் உங்கட முகம் தெரியிற ஒரே இடம் அதுதான்.

நான் எண்டா ரெண்டையும் வச்சிருப்பன். எட்டாம் பார்ல முடியிற முதல் வசனத்துக்கு ஜி நேச்சுரல், கதவைச் சும்மா சாத்தி விட்டமாதிரி இருக்கும். அதே மெலடி கடைசியாத் திரும்பி வரேக்க 31ம் பார்ல ஜி ஷார்ப், திறப்புப் போட்டுப் பூட்டினமாதிரி இருக்கும். ஒரு ஷார்ப் அடையாளம்தான், அதுவும் ஒரு இடத்தில மட்டும். பீஸ் எங்க முடியுது எண்டு கேக்கிறவைக்கு அது விளங்கும். 16 வயசில உங்களுக்கு இது தெரியாது, இப்ப தெரியும், வளர்ந்திருக்கிறனா எண்டு கேட்டீங்களே, பழசை அழிச்சிருந்தா அந்த வளர்ச்சியை எங்க வச்சுப் பார்ப்பீங்க?

இனி குவார்ட்டெட். கோவிக்காதீங்க. 41ம் பார்ல ரெண்டாவது வயலினுக்கு மிடில் சிக்குக் கீழ உள்ள ஏயையும் பியையும் ஒண்டாப் போட்டிருக்கிறீங்க. வயலின்ல ஆகக் கீழ உள்ள கம்பி ஜி, அடுத்தது மிடில் சிக்கு மேல உள்ள டி. அப்ப அந்த ஏயும் பியும் ஜி கம்பியில மட்டும்தான் எடுக்கலாம், ஒரு கம்பியில ஒரே நேரத்தில ரெண்டு ஸ்வரம் எப்பிடி வரும்? செலோவுக்கு 58ம் பார்ல ஆகக் கீழ் சிக்கும் கீழ பி ஃபிளாட் போட்டிருக்கிறீங்க, செலோவில கீழ்க் கம்பியே அந்தச் சிதான், அதுக்குக் கீழ கம்பி இல்லை. இதை மியூஸ்ஸ்கோர் சிவப்பு நிறத்தில காட்டியிருக்கும், நீங்க கவனிக்கேல்ல, இல்லாட்டிக் கவனிச்சும் சத்தம் வருகுதுதானே எண்டு விட்டிட்டீங்க. அந்த சொஃப்ட்வெயார்ல ஒரு பகிடி இருக்கு, வாத்தியத்துக்கு ரெண்டு ரேஞ் வச்சிருக்கிறாங்கள், ஒண்டு அமெச்சூர், மற்றது புரொஃபெஷனல். அமெச்சூர் ரேஞ்சைத் தாண்டினா ஸ்வரம் ஒரு அழுக்கு மஞ்சளா மாறும், புரொஃபெஷனலையும் தாண்டினாச் சிவப்பு. கொழும்பில பொழுதுபோக்கா வாசிக்கிற ஆக்களுக்கு எழுதுறதெண்டா அந்த மஞ்சளையே சிவப்பு எண்டு நினைச்சுக்கொள்ளுங்க.

ஆனா ரேஞ் பிழை பெரிய பிழை இல்லை, அஞ்சு நிமிசத்தில திருத்தலாம். பெரிய பிழை எண்டா வியோலா. 112 பார்ல வியோலாவுக்கு ஒரு ரெஸ்ட் கூட இல்லை. எண்ணிப் பார்த்தனான். நாலு பேரும் தொடங்கினதில இருந்து முடியிறவரைக்கும் ஒண்டாக் கதைச்சுக்கொண்டே இருக்கினம், ஒருத்தர் நிப்பாட்டி மற்றவர் சொல்லுறதைக் கேக்கிற இடமே இல்லை. அதோட எட்டு பாருக்கு ஒருக்காப் புது மெலடி வருது, எல்லாம் நல்ல மெலடிதான், ஆனா கலியாண வீட்டு முதல் பந்தி மாதிரி, பக்கத்தில இருக்கிறது ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, சாப்பிட்டு எழும்பிப் போகினம். 16 பாரைக் கொப்பி பேஸ்ட் பண்ணி ஒரு ஓக்டேவ் மேல ஏத்தி விட்ட இடமும் கண்டன். மௌஸால வந்த பார் எது, காதால வந்த பார் எது எண்டு ஸ்கோரைப் பார்த்தவுடன தெரியும் தம்பி.

எனக்கு எப்பிடித் தெரியும் எண்டா நானும் அப்பிடி எழுதினவன்தான். நான் பெரிய ஆள் ஒண்டுமில்லை, கிழமை நாள்ல ஒப்பீஸ், சனிக்கிழமை பிள்ளையளுக்கு தியரி, ஞாயிறு கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கோயில்ல தமிழ்ப் பூசைக்கு ஒர்கன். வருசக்கணக்கா பிளேபாக்கை நம்பித்தான் எழுதினனான். அது மாறினது 2022ல, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. லெப்டொப் பட்டரி ரெண்டு மணித்தியாலத்தில செத்துப்போகும், கீபோர்டும் வேலை செய்யாது, ஃபேன் இல்லை, ஜன்னலைத் திறந்தா நுளம்பு. கோயிலுக்கு உயிர்த்த ஞாயிறுக்கு ஒரு சின்னப் பாட்டு நாலு குரல்ல எழுதிக் குடுக்கிறதா ஒத்துக்கொண்டிருந்தனான். வேற வழியில்லாம மெழுகுதிரி கொளுத்தி, மகளிட கணக்குக் கொப்பியில அஞ்சு கோடு கீறி, பென்சிலால எழுதத் தொடங்கினன்.

முதல் இரவு நாலு பார்தான் வந்தது. சோப்ரானோ (ஆக மேல் குரல்) பாடிப் பார்க்கிறது, ஆல்டோ (அதுக்கு அடுத்த கீழ் குரல்) பாடிப் பார்க்கிறது, பிறகு ரெண்டையும் மண்டைக்குள்ள ஒண்டாக் கேக்கப் பார்க்கிறது, ஏலாது, திருப்பி முதல்ல இருந்து. மனிசி உள்ளுக்க இருந்து "ஆரோட கதைக்கிறீங்க?" எண்டு கேட்டா. மூண்டாம் நாள் எண்டு நினைக்கிறன், ஆல்டோ ஒரு ஸ்வரத்திலயே அஞ்சு பார் நிக்கிறது எனக்குக் கேட்டது, கேட்டது எண்டா உண்மையாவே, பாடிப் பார்த்துக் களைச்சுப்போய் "பாவம் இந்தப் பிள்ளையளுக்கு இதில என்ன சுகம்" எண்டு நினைச்சு, அந்த ஆல்டோவை ஒரு படி கீழ இறக்கிப் பிறகு மேல ஏத்தினன். பாட்டு முழுக்க அதால மாறிப்போச்சு. பிளேபாக்ல எண்டா ஒருநாளும் எனக்குத் தெரிஞ்சிருக்காது, ஏனெண்டா பிளேபாக்ல எல்லாம் நிரம்பிக் கேக்கும், ஆல்டோவுக்கு அலுப்படிக்கிறது கேக்காது. கரண்ட் வந்தபிறகும் நான் முதல் கொப்பியைப் பென்சிலாலதான் எழுதுறது. கரண்ட் கட் நல்லது எண்டு சொல்ல வரேல்ல, அந்தக் காலம் திரும்பி வரவும் வேண்டாம்.

ஸ்கூல் காலத்துப் பீஸை "சும்மா ஸ்ரூடன்ட் பீஸ்" எண்டு தாழ்த்திக் கதைச்சிருக்கிறீங்க, அதுக்கும் ஒரு பதில் சொல்லவேணும். 2018க்கு முந்தி ஏபிஆர்எஸ்எம் எண்ட இங்கிலாந்து மியூசிக் சோதினையிட அஞ்சாம் கிரேட் தியரிப் பேப்பர்ல ஒரு கேள்வி வரும், ஒரு தொடக்கம் தருவாங்கள், அதை வச்சு வயலினுக்கோ ஓபோவுக்கோ எட்டு பார் மெலடி எழுதி முடிக்கவேணும். பிறகு அதை எடுத்திட்டாங்கள், பிள்ளையள் சந்தோசப்பட்டதுகள், எனக்கு இன்னும் மனவருத்தம்தான். ஏனெண்டா ஆரோ தந்த ரெண்டு பாருக்குள்ள இருந்து மிச்ச ஆறையும் எடுக்கிறதுதான் கொம்பொசிஷன் எண்ட வேலையிட பாதி. புதுசா மெலடி வாறது ஆருக்கும் வரும், குளிக்கேக்கையும் வரும், வந்ததை என்ன செய்யிறது எண்டதுதான் படிக்கவேண்டியது.

பியானோ படிச்ச எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த ஜி மேஜர் மினுவெட்டை எடுங்க, பாக் எண்ட ஜெர்மன் கொம்போசர் தன்ர மனிசி அன்னா மக்தலேனாவுக்குக் குடுத்த 1725ம் ஆண்டுக் கொப்பியில இருக்கிறது. பாக் எழுதினதெண்டு கனகாலம் நினைச்சிருந்தவை, உண்மையில அது கிறிஸ்டியான் பெட்சோல்ட் எண்டவரிட பீஸ். வீட்டில ஆக்கள் வாசிக்கிறதுக்கு எழுதி வச்சதுதான், 32 பார், உங்கட வால்ஸ் அளவு. ஜியை ஸ எண்டு வச்சு ஸ்வரத்தில பாடிப் பாருங்க. முதல் ரெண்டு பார்: ப, ஸரிகம, ப ஸ ஸ. அடுத்த ரெண்டு பார்: த, மபதநி, ஸ ஸ ஸ. அதே தாளம்தான், அதே ஏறுற கைதான், மேல தள்ளி வருது, கடைசியில மேல் ஸட்ஜத்தில நிண்டு கீழ் ஸட்ஜத்துக்குக் குதிக்குது. புதுசா ஒண்டுமே கண்டுபிடிக்கேல்ல, முதல் பாரை விட்டுப்போகாமலே நாலாம் பாருக்குப் போயிட்டார். இதைக் கையால ஒருக்காக் கொப்பி பண்ணி எழுதிப் பாருங்க, ஒவ்வொரு பாரும் அதுக்கு முந்தின பாருக்கு என்ன முறை எண்டு பக்கத்தில தமிழிலயே எழுதுங்க, இது அதின்ர தம்பி, இது அதே ஆள்தான் தலைகீழா, இது புது ஆள். பிறகு உங்கட குவார்ட்டெட்டுக்கும் அதையே செய்யுங்க. எத்தினை தரம் "புது ஆள்" எண்டு எழுதவேண்டி வருது எண்டு பாருங்க.

கொப்பி பண்ணுறது கேவலம் எண்டு நினைக்கிற ஆக்கள் இருக்கினம். பாக் வைமார்ல இருக்கேக்க 1713, 14 வாக்கில விவால்டியிட கொன்செர்ட்டோக்களை எடுத்து ஒர்கனுக்கும் ஹார்ப்சிகோர்டுக்கும் மாத்தி எழுதியிருக்கிறார், அப்ப அவருக்கு வயசு 28, 29, உங்கட வயசுதான். எங்கட பக்கத்திலயும் இருக்கு. முத்துஸ்வாமி தீட்சிதர் மெட்ராஸ்ல வெள்ளைக்காரற்ற பாண்ட் வாசிச்ச மெட்டுகளைக் கேட்டு அதுகளுக்கு சமஸ்கிருதத்தில சாகித்யம் போட்டார், நோட்டுஸ்வரம் எண்டு சொல்லுறது, எல்லாம் சங்கராபரணத்தில. சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற "சக்தி சஹித கணபதிம்" அதில ஒண்டு. "சந்ததம் பாஹிமாம்" பாடிப் பாருங்க, இங்கிலாந்து அரச கீதம் அப்பிடியே வரும். அவ்வளவு பெரிய மனிசனுக்கே வேற ஆளிட மெட்டை எடுத்து அளந்து பார்க்கிறதில கூச்சம் இருக்கேல்ல.

அழிக்கிற கதைக்கு வாறன். பெஞ்சமின் பிரிட்டன் எண்ட இங்கிலாந்துக் கொம்போசருக்கு 20 வயசு, ஸ்கூல், கொலிஜ் எல்லாம் முடிச்சுக்கொண்டு இருக்கிறார், அப்ப என்ன செய்தார் எண்டா, தான் 9 வயசில இருந்து 12 வயசுக்குள்ள எழுதின பியானோப் பீஸ், பாட்டு எல்லாத்தையும் தோண்டி எடுத்து, அதில இருந்த மெலடிகளை வச்சு ஸ்ட்ரிங்ஸுக்கு ஒரு சிம்பொனி செய்தார். சிம்பிள் சிம்பொனி எண்டு பெயர், 1934ல ஒரு அமெச்சூர் ஒர்கெஸ்ட்ராதான் முதல் முதல் வாசிச்சது. இண்டைக்கும் உலகம் முழுக்க ஸ்கூல் ஒர்கெஸ்ட்ராக்கள் அதை வாசிக்குதுகள். பத்து வயசுப் பெடியன்ர மெலடி, இருபது வயசுக்காரன்ர கை. அந்தப் பத்து வயசுக் கொப்பிகளை வெக்கத்தில எரிச்சிருந்தா ஒண்டும் இல்லை.

"பகல்ல வேலை இருக்கு, நேரமில்லை" எண்டும் எழுதியிருந்தீங்க. பொரோடின் எண்ட ரஷ்யக் கொம்போசர் வேலையால கெமிஸ்ட்ரி புரொஃபெசர். லீவு நாள்லயும் வருத்தம் வந்து வீட்டில கிடக்கேக்கையும்தான் எழுதினவர், ஒரு ஒப்பெராவை 1869ல தொடங்கி 1887ல சாகிறவரைக்கும் முடிக்கேல்ல, கூட்டாளிமார்தான் முடிச்சவை. அதால உங்கட 43ல பாதி முடியாமக் கிடக்கு எண்டு கவலைப்படாதீங்க, ஆனா பொரோடினைச் சாட்டி எல்லாத்தையும் அப்பிடியே விட்டிடவும் வேண்டாம். ஷூபேர்ட் கதை இன்னும் வேற. 600க்கு மேல பாட்டு எழுதின மனிசன், 1828 நவம்பர் 4ம் திகதி கவுண்டர்பொயின்ட் (பல மெலடியை ஒண்டா ஓட விடுற கலை) படிக்கவெண்டு சைமன் செக்டர் எண்ட வாத்தியாரிட்டப் போயிருக்கிறார். ஒரு பாடம்தான் நடந்தது, 19ம் திகதி செத்துப்போனார், வயசு 31. இதை நான் பிள்ளையளுக்குச் சொன்னா, "அவ்வளவு எழுதினவர் இன்னும் என்னத்தைப் படிக்கப் போனவர்?" எண்டுதான் முதல்ல கேக்குங்கள்.

தமிழ்ப் பாட்டுக்கு மெட்டுப் போட ஆசை எண்டீங்க. அதில நான் வாங்கின அடி ஒண்டைச் சொல்லுறன். ஒரு ஸ்கூல் பரிசளிப்பு விழாவுக்குப் பிள்ளையள் பாட நானே சொல்லும் எழுதி மெட்டும் போட்டன். "மலை மேல மேகம் வரும்" எண்டு ஒரு வரி. மெலடி வடிவா இருக்கவேணும் எண்டு முதல் எழுத்தை ரெண்டு பீட் நீட்டிட்டன். நாற்பது பிள்ளையள் நிண்டு "மா...லை மேல மேகம் வரும்" எண்டு பாடுதுகள். பிரதம விருந்தினருக்கு அப்பதான் மாலை போட்டு இருத்தியிருக்கு. பின்வரிசையில ஆரோ சிரிக்கத் தொடங்கினது, எனக்கு மேடைக்குப் பக்கத்தில நிண்ட இடத்தில வேர்த்துப்போச்சு. இங்கிலிஷ்ல எண்டா எங்க அழுத்தம் எண்டு பார்த்தாப் போதும். தமிழில குறிலை நீட்டினாச் சொல்லே மாறிப்போகும், படம் பாடமாகும், கல் காலாகும், வனம் வானமாகும். அதால பாட்டு எழுத முந்தி வரியை நாலைஞ்சு தரம் வாயால கதைக்கிறமாதிரிச் சொல்லி, குறில் எது நெடில் எது எண்டு பென்சிலால குறிச்சுப்போட்டுத்தான் இப்ப தாளத்துக்குப் போறது. குறிலுக்கு நீளமான ஸ்வரம் வந்தே ஆகவேணும் எண்டா, அடுத்து வாற நெடில்ல ஏறி நிக்கப் பாருங்க, "மலை"யில "லை" நீளலாம், "ம" நீளக்கூடாது.

சரி, இனி என்ன செய்யிறது. ஏழு நிமிசக் குவார்ட்டெட்டை இப்போதைக்கு மூடி வையுங்க, அழிக்காதீங்க, மூடி வையுங்க. அக்காட மகள் ரெண்டாம் கிரேட் பியானோ படிக்கிறா எண்டு சொன்னீங்க, அந்த மருமகளுக்கு ஒரு டூயெட் எழுதுங்க. ஒரு பக்கம், 16 பார், அதுக்கு மேல வேண்டாம். அவட ரைட் ஹாண்ட் சியில இருந்து ஜி வரைக்கும் அஞ்சு விரலுக்குள்ள நிக்கவேணும், கை நகரக்கூடாது. கீழ்ப் பகுதி உங்களுக்கு, அதில உங்கட ஹார்மனி எல்லாத்தையும் காட்டலாம், அவ அஞ்சு ஸ்வரத்துக்குள்ள நிக்க நீங்க கீழ கோட் ஸ்வரங்களை மாத்தி மாத்தி அதே ஸ்வரத்துக்கு வேற வேற நிறம் குடுக்கலாம். லேசு எண்டு நினைப்பீங்க. ரெண்டு கிழமை எடுக்கும்.

எழுதி முடிச்சவுடன பிளேபாக் போட்டுக் காட்டாதீங்க. பேப்பரைப் பியானோவில வச்சிட்டுப் பக்கத்தில வாயை மூடிக்கொண்டு இருங்க. இது சரியான கஷ்டம், எனக்கு இப்பவும் ஏலாது, "அது இல்லை, இப்பிடி" எண்டு வாய் துடிக்கும். அவ எங்க நிக்கிறா, எங்க விரல் தடுமாறுது, எந்தப் பார்ல முகத்தைச் சுழிக்கிறா எண்டு மட்டும் பாருங்க. நிண்ட இடம் எல்லாம் அவட பிழை இல்லை, பாதி உங்கட பிழை. ஸ்வரத்தைச் சரியா எழுதியும் ஒரு பிள்ளை ஒரே இடத்தில மூண்டு தரம் நிக்குது எண்டா, அங்க கண்ணுக்கு ஏதோ தப்பாத் தெரியுது, பக்கம் திருப்பிற இடமா இருக்கலாம், விரல் இலக்கம் இல்லாததா இருக்கலாம். அதோட பாருங்க, சொல்லாமலே திருப்பி ஒருக்கா வாசிக்கிற பார் எது எண்டு. அந்தப் பார்தான் உங்கட அடுத்த பீஸிட தொடக்கம். எனக்குக் கிடைச்ச நல்ல மெலடி ரெண்டு அப்பிடித்தான் கிடைச்சுது, ஒரு பெட்டை தனக்குப் பிடிச்ச நாலு ஸ்வரத்தைப் பாடம் முடிஞ்சு சப்பாத்துப் போடேக்கையும் முணுமுணுத்துக்கொண்டு இருந்தா.

அதுக்குப் பிறகு அப்பிடியே ஆக்களைக் கூட்டுங்க. ஒரு வயலினும் பியானோவும். பிறகு கோயில் குவயர் எண்டா ரெண்டு குரல். வயலின் வாசிக்கிற கூட்டாளி கர்நாடக வயலின்காரன் எண்டா இன்னும் நல்லது, ஆனா முதல்ல கேட்டுக்கொள்ளுங்க, அவையள் கம்பியை ஸ ப ஸ ப எண்டு கட்டியிருப்பினம், நீங்க ஜி டி ஏ ஈ எண்டு நினைச்சு எழுதினா ரெண்டு பேருக்கும் மண்டை வெடிக்கும். ட்ரினிட்டி சோதினை எடுக்கிற பிள்ளையள் ஆரும் தெரியும் எண்டா அதையும் யோசியுங்க, அதில சொந்தமா எழுதின பீஸ் ஒண்டை வாசிக்க இடம் இருக்கு, பிள்ளை தானே எழுதவேணும், நீங்க எழுதிக் குடுக்கிறதில்லை, ஆனா ஒரு பிள்ளையை எழுதவைக்கப் பக்கத்தில இருந்து பார்த்தா உங்கட பிழை எல்லாம் அங்க கண்ணாடி மாதிரித் தெரியும். 1958ல தொடங்கின சிம்பொனி ஒர்கெஸ்ட்ரா கொழும்பில இருக்கு, லயனல் வென்ட் அரங்கில வருசம் முழுக்க ஏதோ ஒரு கொன்சேர்ட் நடக்கும், போங்க, ஆனா முன்னுக்கு இருந்து மயங்கிறதுக்கு இல்லை, வியோலா வாசிக்கிற ஆளை மட்டும் பார்த்துக்கொண்டு இருங்க, எவ்வளவு நேரம் சும்மா இருக்கினம் எண்டு.

பியானோ வாங்கவா எண்டும் கேட்டிருந்தீங்க. மரின் ட்ரைவ் பக்கம் வீடு எண்டா வேண்டாம், கடல் காத்துக்குக் கம்பி கறள் பிடிச்சிடும், நல்ல டிஜிட்டல் ஒண்டு போதும்.

43 பீஸுக்கும் ஒரு கொப்பி போடுங்க. நம்பர், திகதி, ஆருக்கு எழுதினது, ஆர் வாசிச்சது. கடைசிக் கட்டத்தில கனக்க வெறுமையாத்தான் இருக்கும் எண்டு நினைக்கிறன், என்னட்டயும் அப்பிடித்தான், முதல் 60ல 11தான் நிரம்பியிருந்தது. வருசத்துக்கு ஒருக்கா பழசில ஒண்டை எடுத்துத் திருப்பி எழுதுங்க, பழைய ஃபைலைத் திருத்தாம, பக்கத்தில புதுசா. குவார்ட்டெட்ல 73ம் பார்ல இருந்து 80 வரைக்கும் செலோ ஒரு மெலடி எடுக்குது, அது நல்லது, மெய்யா நல்லது, மிச்சம் எல்லாம் போனாலும் அந்த எட்டு பாரைக் கொப்பியில எழுதி வையுங்க, அதுக்கு ஆள் வருவினம்.

டூயெட்டை மருமகள் வாசிச்ச பிறகு எனக்கு ஃபைல் அனுப்பவேண்டாம், அவ பென்சிலால கீறி வச்ச பேப்பரைப் ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க. வால்ஸ்ல ஏழாம் பார்ல ஜிக்கு முன்னால போட்ட அந்த ஷார்ப்பை இண்டைக்கே எடுத்துவிடுங்க, 31ம் பார்ல மட்டும் இருக்கட்டும்.